ஏழாவது அடி

இருதய அருணின் காது சாதாரணக் காது இல்லை என்பது உலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தெரியும். போலந்தில் தெரியும், சிலியில் தெரியும், நியூசிலாந்தில் ஒரு பல் டாக்டருக்குத் தெரியும். விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் அவன் குடியிருக்கிற தெருவில் மட்டும் தெரியாது. தெருவில் அவனுக்கு லேப் சார் என்று பெயர். திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் லேப் அசிஸ்டென்ட். காலையில் பஸ் ஏறிப் போய், பிள்ளைகள் உடைத்தது போக மிச்சமிருக்கிற கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறித் திரும்பி வருகிற ஆசாமி.

காதுக்காரன் என்ற பட்டமெல்லாம் இணையத்தில்தான். ‘அண்டர் ஃபைவ் ஹண்ட்ரட்’ என்று ஒரு பக்கம், பதினோரு வருஷமாக இங்கிலீஷில் நடத்துகிறான். ப்ராக்ரசிவ் மெட்டல், டெக்னிக்கல் மெட்டல் என்று சொல்கிறார்களே, அந்த இசையில் உலகமெங்கும் புதிது புதிதாக முளைக்கிற பேண்டுகளைத் தோண்டியெடுத்து எழுதுவது அவன் வேலை. அந்த இசையைக் கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிஷம் ஓடும். கிடாரைப் பேய் பிடித்த மாதிரி வாசிப்பார்கள். தாளம் ஒழுங்காக நாலு நாலாகப் போகாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று நொண்டி நொண்டிப் போகும். நடுவில் ஒருத்தர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். அருணின் மனைவி எலிசா இதைப் பாத்திரம் உருட்டுவது என்பாள். “இன்னிக்கு எந்த நாட்டுப் பாத்திரம்?” என்று கேட்டுவிட்டுத்தான் காபி டம்ளரையே நீட்டுவாள்.

அவன் பக்கத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஐந்நூறு பேருக்குக் குறைவாகக் கேட்கிற பேண்டைப் பற்றி மட்டும்தான் எழுதுவான். ஐந்நூற்று ஒன்றாவது ஆள் வந்து சேர்ந்த அன்றைக்கு அருணுக்கு அந்த பேண்டு கசந்துவிடும். “முன்ன மாதிரி இல்ல” என்று உதட்டைப் பிதுக்குவான். அவனுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்க வராது. சின்ன வயதில் மாதா கோயில் பாடல் குழுவில் இரண்டு மாதம் கிடாரைத் தொட்டுப் பார்த்தான். சிஸ்டர் ஒருவர் அன்பாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். குடியிருப்பது வாடகை வீடு, பார்ப்பது தற்காலிக வேலை, தலையில் முடி பாதிக்குமேல் போய்விட்டது. காது ஒன்றுதான் சொந்தம். அதன்மேல் அவனுக்கு இருந்த திமிரை நாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வாரத்துக்கு ஐந்தாறு பேண்டுகள் தங்கள் பாட்டை அவனுக்கு மெயிலில் அனுப்பும். ஐஸ்லாந்திலிருந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்பான். “அண்ணா வணக்கம்” என்று ஆரம்பித்தால் நாற்பது விநாடி. அப்படித்தான் போன வருஷம் ஆடி மாதம் ‘திண்டிவனம் தண்டர்ஸ்’ என்று ஒரு கோஷ்டியின் மெயில் வந்தது. பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது திறந்தான். பெயரைப் பார்த்ததுமே முகம் கோணிவிட்டது. “பேருலயே ஊரா? கர்மம்” என்று முனகிக்கொண்டே நாற்பது விநாடி கேட்டான். டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் பதிலும் போட்டான்.

“உங்கள் டிரம்மருக்கு டைமிங் இல்லை. ஆறு அடி சரியாக விழுகிறது, ஏழாவது அடி ஒவ்வொரு முறையும் விழாமல் போகிறது. மெட்ரோனோம் வைத்துக்கொண்டு ஆறு மாதம் பழகிவிட்டு வரவும். இருதய அருண்.”

மெட்ரோனோம் என்பது டிக் டிக் என்று தாளத்தை எண்ணிக் காட்டுகிற கருவி. தாளம் தவறுகிறவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்வது அவன் வழக்கம். மெயிலை அழித்தான். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மறந்தும் போனான்.

இந்த வருஷம் பொங்கல் லீவில்தான் அந்த அதிசயம் நடந்தது. பேண்டுகள் தாங்களாகவே பாட்டை ஏற்றி வைக்கிற ஒரு தளத்தில் துழாவிக்கொண்டிருந்தபோது ‘ஹஸ்க்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. ஊர்: துர்கு, பின்லாந்து. கேட்டவர்கள்: பதினேழு பேர். பதினேழே பேர்! அருணுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. போட்டோ இல்லை, ஆள் பெயர் இல்லை, ஒரே ஒரு பாட்டு. எடுத்ததும் ஏதோ ஒரு மிஷின் ஓடுகிற சத்தம். அதன் மேலேயே டிரம் ஏறுகிறது. ஆறு அடி விழுகிறது. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் கிடார் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடுகிறது. பதினாலு நிமிஷமும் அப்படியே. அருண் அழுதேவிட்டான். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அழுதான். எலிசா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, “இன்னா ஆச்சு? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சா?” என்று பதறினாள்.

அன்றைக்கே உட்கார்ந்து இரண்டாயிரம் வார்த்தை எழுதித் தள்ளினான். “விழாத அந்த ஏழாவது அடியில்தான் இந்த டிரம்மரின் மேதைமை இருக்கிறது. ஆரம்பத்தில் வரும் மிஷின், பால்டிக் கடற்கரையில் கைவிடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் கடைசி மூச்சு. எதிரொலியே இல்லாத இந்த வறண்ட ஒலியை ஆறு மாதம் பனிக்குள் வாழ்கிறவர்களால் மட்டுமே தர முடியும்” என்றெல்லாம் எழுதினான். ஹஸ்க் என்றால் தோல், ஓடு. அது உள்ளே ஒன்றுமில்லாத நவீன மனிதனைக் குறிக்கிறது என்று தனியாக ஒரு பத்தி. போலந்துக்காரர் “உன் காதுக்கு என் முத்தம்” என்று பதில் போட்டார்.

பங்குனியில் பெங்களூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. வருஷா வருஷம் மெட்டல் இசைவிழா நடத்துகிறவர்கள். இந்த முறை புது பேண்டுகளுக்கென்று ஒரு மத்தியானத்தை ஒதுக்கியிருக்கிறார்களாம். கண்டுபிடித்தவரே மேடையேறி பேண்டை அறிமுகம் செய்ய வேண்டுமாம். ஹஸ்க்கை அழைத்து வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பதினோரு வருஷத்தில் அவனை ஒருவர் மேடைக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. “முடியும்” என்று உடனே பதில் போட்டுவிட்டான். அதற்கப்புறம்தான் ஹஸ்க்குக்கு நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினான். மூன்று நாள் கழித்து இரண்டு வரி வந்தது. “ஓகே. கேட்டுச் சொல்கிறேன். ஹெச்.”

“பாத்தியா எலிசா, எப்பிடி அளந்து பேசுறாங்கன்னு? அந்த நாட்டு ஆளுங்களே அப்பிடித்தான். எல்லாம் அந்தப் பனி.”

“நம்ம ஊட்டு ஓனரும்தான் அப்பிடிப் பேசுறாரு. அவரு மேல இன்னா பனியா கொட்டுது?” என்றாள் எலிசா.

அருணிடம் ஒரு பெரிய ஹெட்ஃபோன் உண்டு. வெளிச்சத்தத்தை அடியோடு அடைத்துவிடுகிற ரகம். பஸ்ஸில் டிரைவர் போடுகிற பாட்டிலிருந்து தப்பிக்க வாங்கியது. வீட்டு வாசலில் மாட்டினால் கல்லூரி லேபில்தான் கழற்றுவான். நாலு வருஷமாகத் திண்டிவனம் அவனுக்குச் சத்தமே இல்லாத ஊராக இருந்தது. சித்திரையில் ஒரு நாள் எலிசா மிக்சி போடுவதற்காக அதன் சார்ஜரைப் பிடுங்கியவள், திரும்பச் சொருக மறந்துவிட்டாள். ஹெட்ஃபோன் வழியிலேயே செத்துப்போயிற்று. திண்டிவனத்தில் இறங்கி வெறும் காதோடு செஞ்சி ரோட்டில் நடந்தான். லாரி ஹாரன், மீன்காரரின் மைக், டீக்கடை ரேடியோ. “சீ, இதெல்லாம் ஒரு ஊரு” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே போனவனுக்குச் சட்டென்று கால் நின்றுவிட்டது.

டக் டக் டக் டக் டக் டக். பள்ளம். டக் டக் டக் டக் டக் டக். பள்ளம்.

விரல் விட்டு எண்ணினான். ஆறு. ஏழாவது இல்லை. மறுபடி எண்ணினான். நாலு வருஷமாக தினம் இரண்டு வேளை கடந்துபோன ஒரு தகரக் கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வாசலில் மல்லாட்டை மில் என்று போர்டு. வேர்க்கடலையைத் தோலுரிக்கிற மில். பின்லாந்திலும் மல்லாட்டை மில் இருக்கலாமே என்று மனசு ஒரு நிமிஷம் அவனுக்காக வக்காலத்து வாங்கிப் பார்த்தது. உள்ளே நுழைந்தான்.

மில்காரர் முகம்மது கவுஸ், புருவம் வரைக்கும் தூசி படிந்து நின்றிருந்தார். “வாங்க சார். சத்தம் ஜாஸ்தியாக் கீதுன்னு சொல்ல வந்தீங்களா? வாரத்துக்கு ஒருத்தரு வந்துகினுதான் இருக்காங்க.”

“இல்ல பாய். அந்த மிஷின் ஏன் நடுவுல ஒரு அடி உட்டுடுது?”

“அதுவா? பெல்ட்டுல ஒட்டுப் போட்டுக் கீது சார். ஒட்டு சுத்தி வரும்போதெல்லாம் வழுக்கி, சல்லடை ஒரு ஆட்டத்த முழுங்கிடும். ஜல்தியா மாத்திப்புடலாம். எம் பொண்ணு உடமாட்டேங்குது. பெல்ட்ட தொட்டா சோறு தின்னமாட்டேன்னு மூணு வருஷமா சத்தியாகிரகம் பண்ணிக்கினு கெடக்குது. பெரிய பேஜாரு சார்.”

“உங்க பொண்ணு எங்க பாய்?”

“பின்னால குடோன்ல. கிடாரு வாசிச்சிக்கினு இருக்கும். அதுங்கூட்டாளி பொண்ணும் கீது, போய்ப் பாருங்க.”

குடோனில் நாலு சுவரையும் மறைத்துக் கூரை வரைக்கும் மல்லாட்டைத் தோல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கால் வைத்ததும் வெளிச்சத்தம் அறுந்து விழுந்தது. எதிரொலியே இல்லை. பனியாவது மண்ணாவது. நடுவில் ஒரு டிரம் செட். அதன் பின்னால் இசைவாணி, கவுஸ் சொன்ன கூட்டாளிப் பெண். மூட்டைமேல் உட்கார்ந்து கிடாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தவள் நிலோஃபர், கவுஸின் மகள். இரண்டு பேருக்கும் இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது.

“ஹஸ்க்?” என்றான் அருண்.

“ஆமாங்க. மல்லாட்டைத் தோலு” என்று நிலோஃபர் மூட்டையைத் தட்டிக் காட்டினாள். “நீங்க யாரு?”

சொன்னான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அண்ணன் சொல்லிச்சு, யாரோ பெங்களூருக்குக் கூப்பிடுறாங்கன்னு. நீங்கதானா?” என்றாள் நிலோஃபர். ஹெச் என்பது அவள் அண்ணன் ஹுதைஃபா. துபாயில் வெல்டராக இருந்தவன், இப்போது பின்லாந்தில் ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறான். தங்கையின் பாட்டைத் தன் கணக்கில் ஏற்றியது அவன்தான். தளம் ஊர் கேட்டது. தான் இருக்கிற ஊரைப் போட்டான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடிதத்தில் இருந்த அந்த அடக்கமும் பனியினால் வந்ததில்லை, ஷிஃப்ட் முடிந்த அசதி.

சும்மா சொல்லக்கூடாது, அருண் அரை நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டான். பேண்டு பக்கத்திலேயே இருக்கிறது, விசா வேண்டாம், பிளேன் வேண்டாம், பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். “என் காலடியிலேயே நான் கண்டெடுத்த” என்று மேடைப் பேச்சுகூட மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் டிரம்முக்குப் பின்னால் பார்த்தான். மூட்டையில் கோணி ஊசியால் இரண்டு தாள்களைக் குத்தி வைத்திருந்தார்கள். வலது பக்கத் தாளில், “விழாத அந்த ஏழாவது அடியில்தான் இந்த டிரம்மரின் மேதைமை இருக்கிறது.” இடது பக்கத் தாளில், “உங்கள் டிரம்மருக்கு டைமிங் இல்லை.” இரண்டுக்கும் அடியில் ஒரே பெயர்.

“இது… திண்டிவனம் தண்டர்ஸ்…”

“நாங்கதான் சார்” என்றாள் இசைவாணி. மெயிலில் அண்ணா என்று எழுதியவள், இப்போது சார் என்றாள். “ரெண்டும் ஒரே பாட்டுதான்.”

“அது போன்ல பதிஞ்சது இல்லியாம்மா? குவாலிட்டி சரியா…”

“ஏழாவது அடி போன்லயும் விழல, இதுலயும் விழல சார்.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. பால் கணக்கு சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். “நீங்க சொன்னீங்கன்னு மெட்ரோனோம் வெச்சிக்கினு நாலு மாசம் பழகினேன். ஏழாவது அடி கரெக்டா விழுந்துச்சு. பாட்டு செத்துப்போச்சு. எனக்கு வாசிக்கவே தெரியலன்னு நெனச்சி டிரம்ம வித்துடறேன்னு நின்னேன் சார். இவதான் கையப் புடிச்சி இழுத்துக்கினு போயி மிஷினுக்கு முன்னால உக்கார வெச்சா. அது பாட்டுக்கு முழுங்கிக்கினே ஆடிக்கினு இருந்துச்சு. ஒரு நாள் பூரா பாத்துக்கினு இருந்தேன்.”

அருணுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. இடது பக்கத் தாள் வெளியே போனால் காது போயிற்று. போலந்து போயிற்று, சிலி போயிற்று, பல் டாக்டர் போய்விடுவார். அப்புறம் அவன் வெறும் லேப் சார்.

“அத மட்டும் கழட்டிடுங்கம்மா” என்றான்.

“கழட்டிடலாம் சார். பெங்களூருக்கும் வர்றோம்” என்றாள் நிலோஃபர். “மேடையில எங்கள பத்தி நீங்கதான பேசணும்? இந்த ரெண்டையும் படிச்சிடுங்க. போதும்.”

“ரெண்டையுமா?”

“ரெண்டும் நீங்க எழுதினதுதான சார்?”

அன்றைக்குச் சாயங்காலம் எலிசாவிடம் சொன்னான். அவள் சோற்றுக் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தாள். “காது காதுன்னு இன்னா பீத்து பீத்திக்கினு இருந்தே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்து ஓய்ந்தபிறகு, “ஏங்க, அந்தப் பொண்ணு நெஜமாலுமே டிரம்ம வித்திருந்தா?” என்று கேட்டாள். ஒரு வாரம் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தான். சொல்லவில்லை. மேடை ஆசை காய்ச்சலைவிடப் பெரிது.

பெங்களூரில் இரண்டாயிரம் கறுப்புச் சட்டைகள் திரண்டிருந்தன. அருண் மைக்கைப் பிடித்து முதல் தாளைப் படித்தான். பிறகு இரண்டாவது தாள். “ரெண்டும் ஒரே பாட்டு. ரெண்டையும் எழுதினது நான்தான். நடுவுல மாறினது ஊரு மட்டும்தான்” என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தான். அப்புறம் கூட்டம் கூரை பிய்ந்துவிடுகிற மாதிரிச் சிரித்துக் கை தட்டியது. அமைப்பாளர் ஓடி வந்து கட்டிப்பிடித்து, இவ்வளவு நேர்மையான விமர்சகரைப் பார்த்ததே இல்லை என்றார். இரண்டு பெண்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளி வந்த நேர்மை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் ஸ்பீக்கரில் மல்லாட்டை மிஷின் சத்தம் ஓட ஆரம்பித்தது. இசைவாணி அடித்தாள். இரண்டாயிரம் தலைகள் ஆறு முறை ஆடி, ஏழாவதில் அந்தரத்தில் நின்றன. மேடைக்குப் பக்கத்தில் அருண் மறுபடியும் அழுதான்.

ஒரு மாதத்தில் ஹஸ்க்கைக் கேட்டவர்கள் எண்பதாயிரத்தைத் தாண்டினார்கள். எப்போது கசக்கப்போகிறதோ என்று அருண் காத்திருந்து பார்த்தான், கசக்கவில்லை. அண்டர் ஃபைவ் ஹண்ட்ரடுக்கே ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். தன் சட்டப்படி இனி அவன் தன்னைப் பற்றியே எழுதக் கூடாது. கவுஸ் பாய் வழியில் மடக்கி, “இப்பயாச்சும் பெல்ட்ட மாத்திக்கலாமா சார்? நீங்க சொன்னா கேக்கும்” என்றார். “ஐயோ பாய், தொட்டுடாதீங்க” என்று அருண் கும்பிட்டான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மெயிலைத் திறந்தான். இப்போதெல்லாம் வாரத்துக்கு முந்நூறு வருகிறது. மூன்றாவதாக இருந்தது, “அண்ணா வணக்கம். நாங்க மேல்மலையனூர்.”

நாற்பது விநாடியில் விரல் தானாக நிறுத்தப் போயிற்று. கையை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டான். இரண்டாம் தடவையும் கேட்டான். ஒன்றும் தோன்றவில்லை. கிடாரில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி இருந்தது. பாட்டே சுமாரா, இல்லை மேல்மலையனூர் என்று தெரிந்ததால் சுமாராகக் கேட்கிறதா? பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தெரியவில்லை.

“நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு போடு. இல்லாங்காட்டி இல்லன்னு போடு. இதுக்குப் போயி இன்னா யோசன?” என்றாள் எலிசா.

“அதான் தெரியலியே.”

யோசித்து யோசித்துப் பணிவாக ஒரு பதில் எழுதினான். “தம்பிகளே, ஊர் பார்க்காமல் கேட்க விரும்புகிறேன். தயவுசெய்து ஊர்ப் பெயர் இல்லாமல் மறுபடி அனுப்புங்கள்.” எலிசா தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, “ஊருதான் தெரிஞ்சிப்போச்சே, இனிமே அது எப்பிடித் தெரியாமப் போவும்?” என்றாள்.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. அதே பாட்டு. ஒரு விநாடி கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே ஒரே வரி: “ஊரு: நார்வே. இப்பக் கேளுங்கண்ணா.”

அருணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெங்களூர்க் கதை மேல்மலையனூர் வரைக்கும் போயிருக்கிறது, படவாப் பசங்க. சிரித்துக்கொண்டே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடவிட்டான். கிடார் ஆரம்பித்தது. சுருதி இறங்கியிருக்கிறது என்று நினைத்தானே, அது தெரிந்தே இறக்கியது. அந்த இறக்கத்தில் லேசாக ஒரு குளிர் இருந்தது. நன்றாக இருந்தது. ஐயோ, நிஜமாகவே நன்றாக இருந்தது.

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று.

“இன்னாங்க, எப்பிடிக் கீது?” என்று எலிசா கேட்டாள். அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டி, “நீயே கேட்டுச் சொல்லு” என்றான்.